அழுதவளுக்கு அடுத்த அலை

ஐஸ்காரி எனக்கு நாலாயிரத்து இருநூறு கடன்பட்டிருந்தாள். கடன் கொடுக்கிற ஆள் இல்லை நான். ஐம்பத்திரண்டு வருஷமாகக் கடற்கரையில் ஷெட் போட்டுத் தொழில் செய்கிறேன். "நாளைக்குத் தர்றேன்" என்று சொன்னவனுக்கெல்லாம் "அப்போ பலகையையும் நாளைக்கே எடுத்துக்கோ" என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சொந்த மச்சினனுக்கும் அதே பதில்தான், அவன் இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அப்படிப்பட்டவன், என் கையால் சீர்செய்து மெருகேற்றி வைத்திருந்த ஏழரை அடி அலைச்சறுக்குப் பலகையை, மீன் கம்பெனியில் ஐஸ் வாரிக் கொட்டுகிற ஒரு பெண்ணுக்கு வாரம் நூறு தவணையில் தூக்கிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு வாரம். ஒரு வாரம்கூட அவள் தவறவில்லை. நூறு ரூபாய்த் தாள் சில்லென்று, மீன் வாசனையோடு வரும். வாங்கிக் காயவைத்துத்தான் பெட்டியில் போடுவேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்புவரை படித்தவன். என் கையெழுத்து எனக்கே இரண்டு தடவை பார்த்தால்தான் புரியும். ஆனால் ஃபைபர் படகு என்றால் இந்தக் கரையில் என்னைக் கேட்காமல் ஒருத்தனும் ஓட்டை அடைத்ததில்லை. பிறகு அலைமேல் நிற்கிற பைத்தியங்கள் வந்தார்கள். முதல் பலகை உடைந்து என்னிடம் வந்தபோது அது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அதை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை ஃபோம், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மரச்சட்டம், மேலே கண்ணாடி இழைத் துணி, அதை இறுக்குகிற ரெசின் பசை. அவ்வளவுதான் ரகசியம். படித்தவன் புத்தகத்தைப் பிரித்துக் கற்பான், நான் பலகையைப் பிரித்துக் கற்றேன். அந்தப் பலகைக்காரனுக்குப் புதுப் பலகை வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அது வேறு கதை. இன்றைக்கு மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் என்னிடம் பலகை வருகிறது. ஒட்டு எங்கே என்று காட்டினால் காசு வேண்டாம் என்பேன். இதுவரை ஒருத்தனும் காட்டியதில்லை.

என் கதை போதும். எழுத உட்கார்ந்தது ஐஸ்காரியைப் பற்றி.

அவளுக்கு அப்போது நாற்பத்திநாலு வயது. தோள் அகலம், பேச்சு குறைவு. மீன் கம்பெனியின் குளிர் அறையில் வேலை. தட்டில் மீனை அடுக்கி ஐஸை வாரிக் கொட்டி, அடுத்த தட்டு. எட்டு மணி நேரம். உள்ளே போகும்போது போனை வெளியே தகர லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மொத்தம் பதினோரு தடவை அந்தத் தகரப் பெட்டிக்குள் போன் அடித்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து இவள் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

புருஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்பாள். ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று பையை எடுத்துக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

அதற்குப் பிறகு அவள் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. கம்பெனியில் சண்டை போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஏப்ரனுக்குள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். ஐந்நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் அந்தச் சலுகை. சூப்பர்வைசர் அவள் கண்ணைப் பார்த்துப் பயந்து கொடுத்தது அது. இராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கினாள். தூங்கும்போதும் கையில் போன். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவளிடம் கேட்க எனக்கே தைரியம் வரவில்லை. நான் யாரையும் எதையும் கேட்கிறவன்.

அவளைக் கடலுக்குக் கூட்டிவந்தவள் ஸ்டியரிங். இது நாங்கள் வைத்த பெயர். பஸ் ஓட்டுகிறவள். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற தங்கச்சியோடு ஒரு மாடி அறையில் இருந்தாள். நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய். என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டே விலையைப் பாதியாக்குவாள். இராத்திரி வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற காலை ஆறே கால் பஸ்தான் அவளுடைய கடைசி டிரிப். பஸ் நிலையத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, எதிரே ரோட்டைத் தாண்டினால் என் ஷெட். பலகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலில் இறங்குவாள்.

ஐஸ்காரி அந்த பஸ்ஸில் தினமும் வருவாள். போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவாள், கடைசி நிறுத்தம்வரை வந்து அங்கிருந்து திரும்பி நடப்பாள். பத்து நாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் பதினோராவது நாள் எழுந்துவந்து பக்கத்தில் நின்று சொன்னாளாம்: "அக்கா, இதுதான் கடைசி ஸ்டாப். இதுக்கு மேல கடல்தான். அதுக்கு நான் டிக்கெட் கொடுக்க முடியாது, கூட வேணும்னா வர்றேன்."

இப்படித்தான் வந்தாள். முதல் நாள் முட்டியளவு தண்ணீர். இரண்டாம் நாள் இடுப்பளவு. மூன்றாம் நாள் பலகையில் குப்புறப் படுக்க வேண்டும், போனை என்ன செய்வது? நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, இதைக் கையிலயே வச்சுக்கிட்டு நில்லுங்க. அடிச்சா கையைத் தூக்கிக் காட்டுங்க. நான் வந்துடுவேன்."

நான் யாருக்காகவும் நின்றவன் இல்லை. கலெக்டர் வந்தபோதுகூட உட்கார்ந்தபடியே பேசியவன் என்று இங்கே பெயர். ஆனால் அன்றைக்கு வெயிலில் ஒன்றரை மணி நேரம் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் நின்றேன். பிறகு அது என் வேலை ஆகிவிட்டது. அவள் தண்ணீரிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். அலை முதுகில் விழும், உப்புத் தண்ணீர் குடிப்பாள், எழுந்து முதலில் என் கையைத்தான் பார்ப்பாள்.

ஐந்தாவது வாரம் அது ஒரு தடவை அடித்தது. கையைத் தூக்கினேன். அவள் வந்த வேகம் இருக்கிறதே, பலகையை விட்டுவிட்டு, நுரையில் உருண்டு, முட்டி தேய்ந்து ரத்தம் வர வந்து வாங்கினாள். கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனி விளம்பரம். பதிவு செய்த குரல். அதைக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "இல்லைங்க, வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த ஸ்டியரிங், "மெஷினுக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள் நீதான் அக்கா" என்றாள். ஐஸ்காரி சிரித்தாள். அவளுக்கு இடது பக்கம் ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம்தான் பலகையைத் தவணைக்குக் கொடுத்தேன்.

மூன்றாவதாக வந்தவள் டோக்கன். பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு நம்பர் சீட்டு கொடுக்கிற பெண், இருபத்தாறு வயது. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி. பல்வலிக்காரர்களையே பார்த்துப் பார்த்து எல்லோரையும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். என்னைப் பார்த்த முதல் நாளே, "தாத்தா, கீழ் வரிசையில நாலு போச்சே" என்றாள். நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்த மூன்று பேருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அலைகள் உடைகிற இடத்தைத் தாண்டிப் போனால் தண்ணீர் அமைதியாக இருக்கும். அங்கே பலகைமேல் கால் போட்டு உட்கார்ந்து நல்ல அலைக்குக் காத்திருப்பார்கள். ஒரு அலைக்கு ஒருத்தி. முறை வைத்துப் போவார்கள். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் ஐஸ்காரி அந்தத் தகரப் பெட்டிக் கதையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். ஸ்டியரிங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையாக இருந்தால் கட்டிப்பிடிக்கலாம். பலகைமேல் இருந்துகொண்டு கையை நீட்டினால் இரண்டு பேரும் கவிழ வேண்டியதுதான். அந்த நேரத்தில் பின்னால் ஒரு அருமையான அலை எழும்பியிருக்கிறது. முறைப்படி அது ஸ்டியரிங்குடையது. அவள் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அக்கா, இது உன்னோடது, போ" என்றிருக்கிறாள். அழுத கண்ணோடு ஐஸ்காரி போனாள். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கரைவரை விழாமல் நின்றபடி வந்து சேர்ந்தாள். நான் பார்த்தேன். கையில் போன் இல்லையென்றால் கைதட்டியிருப்பேன்.

அதிலிருந்து அது சட்டம் ஆகிவிட்டது. அழுதவளுக்கு அடுத்த அலை. மற்றவர்கள் அந்த அலைக்குக் கையால் தண்ணீரைத் தள்ளக் கூடாது. இன்னொன்று, கரையில் அழக் கூடாது, துக்கம் பேசக் கூடாது, எதுவானாலும் தண்ணீரில். பதில் சொல்லவும் கூடாது. ஆறுதல் சொல்வது, புத்தி சொல்வது, உனக்காவது பரவாயில்லை எனக்கு என்ன தெரியுமா என்று ஆரம்பிப்பது எதுவும் கிடையாது. கேட்டுவிட்டு அலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

டோக்கன் இந்தச் சட்டத்தை வைத்துப் பிழைப்பு நடத்தினாள். நல்ல அலையாகத் தூரத்தில் தெரிந்தால் போதும், மூக்கை உறிஞ்சுவாள். "அண்ணி என் தலையணையை எடுத்து நாய்க்குப் போட்டுட்டாங்க." ஸ்டியரிங் விடமாட்டாள்: "இது அழுகைக் கணக்குல வராதுடி. இதுக்கு நுரை போதும்." அந்தச் சிரிப்புச் சத்தம் ஷெட்வரை கேட்கும். பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்பேன். எனக்குப் பெண்பிள்ளைகள் கிடையாது. இரண்டு பையன்கள், இரண்டு பேரையும் நான்தான் படிக்கவைத்து ஆளாக்கினேன், இரண்டு பேரும் போனில் 'ம்' என்பார்கள். அது கிடக்கட்டும்.

ஏழாவது மாதம் ஒரு நாள் ஐஸ்காரி வந்தாள், போனை என் மேஜைமேல் ரெசின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள், ஒன்றும் சொல்லாமல் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பழக்கதோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒன்றரை மணி நேரமும் பார்க்கவில்லை. ஒரு நாளில் அவள் மூச்சு விடுகிற நேரம் அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்று எனக்குத் தெரியும். அது போனால் அவள் மறுபடி அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் போவாள். அதுவும் தெரியும்.

கடைசித் தவணை கொடுத்த அன்று ரசீது கேட்டாள். நான் யாருக்கும் ரசீது எழுதியதில்லை. உப்புத்தாளின் பின்பக்கம் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரம் ஆயிற்று எனக்கு. அதை மடித்து போன் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்டியரிங் மட்டும் அழுததே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக மற்ற இருவரும் அழுது அலை வாங்குவார்கள், அவள் சிரித்துக்கொண்டே கொடுத்துக்கொண்டிருப்பாள். "எனக்கென்ன, கவர்மெண்ட் டயரு மாதிரி, தேய்வேன், வெடிக்க மாட்டேன்" என்பாள்.

பதினாலாவது மாதம் ஒரு புயல் கடந்து போயிற்று. நான்கு நாள் யாரும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை தண்ணீர் பழுப்பாக இருந்தது. அலை உடைகிற இடம் கரைக்கு நெருங்கி வந்திருந்தது. புயல் மணலை வாரிக்கொண்டுவந்து அடியில் திட்டாகக் குவித்திருக்கிறது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா? அப்படித் திட்டு இருந்தால் அலை சரிந்து ஓடாது, சுவர் இடிகிற மாதிரி ஒரேயடியாக விழும், கீழே முட்டித் தண்ணீர்தான் இருக்கும். போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கப்பில் ரெசினுக்கு அப்போதுதான் கெட்டியாக்குகிற மருந்தைக் கலந்திருந்தேன். கலந்துவிட்டால் இருபது நிமிடம்தான். அதற்குள் பூசாவிட்டால் கல்லாகிவிடும், காசு போச்சு. பூசி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். இதை நான் இதுவரை ஐஸ்காரியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் நடந்ததைப் பின்னால் ஐஸ்காரிதான் சொன்னாள். அன்றைக்குத்தான் ஸ்டியரிங் வாய் திறந்திருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் பஸ்ஸில் ஒரு சைக்கிள்காரன் விழுந்து செத்துப்போனான். அவன்தான் குறுக்கே வந்தான், இவள்மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அது எங்களுக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவனுடைய அம்மா வாரத்தில் மூன்று நாள் இவள் பஸ்ஸில் வருகிறாள். சாவு வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று இவள் பார்த்த முகம் அது, கோர்ட்டுக்கு வராத அந்த அம்மாவுக்கோ டிரைவர் யார் என்று தெரியாது. இறங்கும்போதெல்லாம், "மகராசி, பொம்பளைப் பிள்ளை ஓட்டினா வண்டி குலுங்காம போகுது, நீ நல்லா இருக்கணும்" என்று கையைத் தூக்கி வாழ்த்திவிட்டுப் போகிறாள். ஆறு வருஷமாக.

சொல்லிவிட்டு ஸ்டியரிங் அழுதாள். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுதாள். மற்ற இரண்டு பேரும் சட்டப்படி ஒன்றும் பேசவில்லை. பிறகு நிமிர்ந்தாள், முகத்தைக் கழுவினாள், திரும்பிப் பார்த்தாள். பின்னால் அலை எழும்பியது.

ஐஸ்காரிக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது, அது ஏறுகிற அலை இல்லை என்று. நெடுக ஒரே உயரத்தில், இரண்டு முனையும் ஒன்றாக வளைந்து வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் மூன்று பேரும் தலையைக் குனிந்து அதைப் போகவிட்டிருப்பார்கள். ஆனால் ஸ்டியரிங் இவளைப் பார்த்தாள். ஒரு வருஷமாக எல்லோருக்கும் கொடுத்தவள், முதல் தடவை வாங்க வேண்டிய முறை. வேண்டாம் என்று சொன்னால், நீ அழுதது எனக்குக் கேட்கவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. சொன்னாள்:

"உன்னோடது. போ."

நான் கப்பைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஸ்டியரிங் அலையின் உச்சியில் எழுந்து நின்றாள். நின்றதைப் பார்த்தேன். அடுத்த நொடி பலகையின் மூக்கு மண்ணில் குத்தியது, அவள் தலைகீழாகப் போனாள், மேலே அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. பலகை இரண்டு துண்டாக வெளியே வந்தது. அவள் வரவில்லை.

டோக்கன் மட்டும் அன்று இல்லையென்றால் அங்கேயே முடிந்திருக்கும். நான் ஓடிப்போய், முட்டித் தண்ணீரில் கிடந்த ஸ்டியரிங்கைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் போனேன். அந்தப் பெண், என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிற பெண், என் கையைத் தட்டிவிட்டாள். "கழுத்தை அசைக்காதே. யாரும் தொடாதீங்க." ஐஸ்காரியின் ஏழரை அடிப் பலகையை அவளுக்கு அடியில் நீரோடு செருகி, தலைக்கு இரண்டு பக்கமும் ஈரத்துணியை முட்டுக்கொடுத்து, கரையில் நின்ற ஒரு மீனவனையும் சேர்த்து நான்கு பேர் அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். பஸ் நிலையத்திலிருந்து அவளோடு வேலை செய்கிறவர்கள் ஓடிவந்தார்கள்.

உயிர் இருந்தது. கழுத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. நடக்க முடிந்தது. ஆனால் வலது கை தோளிலிருந்து செத்துவிட்டது. விரல்கள் விரிந்தபடியே நிற்கும், மடங்காது. பஸ் கம்பெனிக்காரர்கள் பூச்செண்டோடு ஒரு தடவை வந்தார்கள். பிறகு காகிதத்தோடு வந்தார்கள். வேலை நேரத்தில் நடந்தது இல்லையே, விளையாடப் போன இடத்தில் நடந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டார்கள். நியாயமாகத்தான் கேட்டார்கள், அதனால்தான் வயிறு எரிந்தது.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். அவள் ஏறியிருந்த உடைந்த பலகையை ஒன்பது நாள் வேலை செய்து ஒட்டினேன். நடுச்சட்டத்தை இழைத்து, உள்ளே வேறு மரம் கொடுத்துப் பிணைத்து, துணி மூன்று அடுக்கு. என் ஆயுளில் செய்த நல்ல வேலை அதுதான். தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி அவள் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, "பாரும்மா, முதுகெலும்பே முறிஞ்சு வந்துச்சு, ஒட்டு எங்கேன்னு காட்டு பார்ப்போம்" என்றேன். கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தவள் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு பெரியப்பா. என்னையும் தூக்கிட்டுப் போய் உங்க ஷெட்லயே போடுங்க."

அந்தப் பலகையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு அதே படியில் இறங்கினேன். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக அன்றைக்கு மூச்சு வாங்கியது.

டோக்கனை அவள் அண்ணன் கடல் பக்கமே விடவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஊரில் மாப்பிள்ளை பார்த்து அனுப்பிவிட்டார்கள். போகுமுன் ஷெட்டுக்கு வந்து வாடகைப் பாக்கியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாள். கரையில் அழக் கூடாது என்று அவளிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஐஸ்காரி அதற்குப் பிறகு மூன்று தடவை இறங்கிப் பார்த்தாள். மூன்று தடவையும் முட்டியளவு தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அப்புறம் தினமும் வேலை முடிந்து ஷெட்டுக்கு வந்து உட்காருவாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் உப்புத்தாளை எடுத்து ஏதாவது ஒரு பலகையைத் தேய்ப்பாள். நன்றாகத் தேய்ப்பாள், இல்லையென்றால் என் பலகையைத் தொடவிட்டிருக்கமாட்டேன். ஒரு கையில் உப்புத்தாள், ஒரு கையில் போன். நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பாள். நான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், இறங்கித்தான் பாரேன் என்றேன். "இறங்கினா யார்கிட்டங்க சொல்றது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டியரிங்கைப் பார்க்கப் போவாள். முதல் தடவை சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டியரிங் வாங்கவில்லை. இரண்டாம் தடவை தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். தங்கச்சிக்காரி பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை ஸ்டியரிங்கே வாய்விட்டுச் சொன்னாள், நானும் அன்று கூட இருந்தேன்.

"நீ போகாதேன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன் அக்கா. இந்தக் காசை வாங்கினா, நீதான் என்னைத் தள்ளிவிட்டதாவும், அதுக்கு விலை இதுன்னும் ஆயிடும். நான் திரும்ப வண்டி ஓட்டுவேன். நீ மறுபடி தண்ணியில இறங்கு. அப்போ எனக்கு டீ வாங்கிக் கொடு, போதும்."

போகாதே என்றிருந்தாலும் போயிருப்பாள் என்பதை ஐஸ்காரி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. சொன்னவளும் நம்பினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவள் வாங்காத வரைக்கும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. வண்டி ஓட்டுவேன் என்று ஒருத்தி, இறங்குவேன் என்று ஒருத்தி. பொய்யாக இருந்தாலும் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த பொய்.

அடிபட்டு நாலாவது மாதம் டாக்டர் அந்தக் கை இனி வராது என்று சொல்லிவிட்டார். மறுநாளே ஐஸ்காரி பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். "எடுத்துக்குங்க ஐயா. என்ன விலைக்குப் போகும்?" என்றாள்.

நான் பெட்டியைத் திறந்து நாலாயிரத்து இருநூறை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். "பழைய பலகைக்குப் புது விலை நீங்க யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கும் வேண்டாம். பார்த்து விலை சொல்லுங்க."

பார்த்தேன். வெயிலில் மஞ்சளாகியிருந்தது. வால்பக்கம் இரண்டு நசுங்கல். நடுவில், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ரோட்டில் உரசிய கோடுகள். எனக்கு விலை சொல்லத் தெரியும், பொய் விலை சொல்லத் தெரியாது. இரண்டாயிரத்து அறுநூறு என்றேன். சரி என்றாள். நீங்களும் கூட வாங்க, தனியா போனா வாங்கமாட்டா என்றாள்.

போனோம். மத்தியானம். தங்கச்சி கடைக்குப் போயிருந்தாள். ஸ்டியரிங் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க பெரியப்பா, ஒட்டு போட வந்தீங்களா?" என்றாள். வாய் மட்டும் பழைய வாய். ஐஸ்காரி எதிரே தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து தாள்களை எடுத்தாள். ஸ்டியரிங் அந்தத் தாள்களைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"பலகையை வித்துட்டியா?"

"ம்."

"அப்போ இனிமே போகமாட்டே."

ஐஸ்காரி இல்லை என்று தலையை ஆட்டினாள். வெளியே ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து போகிறவரை ஸ்டியரிங் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, ஒரு சாமானை எடுத்து வைப்பது மாதிரி மடியில் மல்லாக்க வைத்தாள். விரல்கள் விரிந்து கிடந்தன.

"இதுல வை. வேற எதுக்கும் ஆகாத கை."

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, தாள் பறக்கும் என்று நான் எழுந்து அதை நிறுத்தினேன். ஐஸ்காரி கம்பெனியில் தட்டு எண்ணுகிற மாதிரி, குரலை ஏற்றாமல் இறக்காமல், ஒவ்வொரு நூறாக அந்த உள்ளங்கையில் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தாறுவரை எண்ணி முடித்தாள்.